எண்பது நாளும் ஒரு மங்குஸ்தானும்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘ஜூல்ஸ் வெர்ன் எழுதிய, எண்பது நாளில் உலகைச் சுற்றும் நாவலை இப்போதுதான் ஆங்கிலத்தில் முழுதாகப் படித்து முடித்தேன். பாதி பிடித்தது, பாதி எரிச்சல். கதையின் வேகம் அபாரம். ஆனால் எண்பது நாளில் சுற்றிவிடுவேன் என்று பந்தயம் கட்டிக் கிளம்பும் அந்த ஃபிலியாஸ் ஃபாக் ஒரு மரக்கட்டை. உலகத்தையே சுற்றிவிட்டு ஒன்றையும் பார்க்காமல் திரும்பி வருகிறான். இந்தியா வரும் அத்தியாயங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிடலாமா என்று இருந்தது. அங்கே உடன்கட்டையிலிருந்து காப்பாற்றப்படும் அவுதா வெறும் பொம்மை. முடிவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. படிவம் 1 படிக்கும் என் மகனுக்கு இதைக் கொடுக்கலாமா?’

கொடுக்கலாம். எப்படிக் கொடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் புகார்களைப் பார்ப்போம். சிலவற்றில் உங்கள் பக்கம்தான் நான். இரண்டு விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் 31 வருஷம் கிளார்க்காக இருந்தேன். எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை. கப்பலின் பெயர், வர வேண்டிய தேதி, வந்த தேதி, வித்தியாசம் என்று நாலு கட்டம். காலையில் வந்ததும் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு அதன் முன் நிற்பதுதான் என் முதல் வேலை. பள்ளிக்கூட நூலகத்தில் சுருக்கப் பதிப்பாகப் படித்த இந்த நாவலை, வேலைக்குச் சேர்ந்த பிறகு முழுதாகப் படித்தபோது திடுக்கிட்டுப் போனேன். ஃபாக் தன் பயணக் குறிப்பேட்டில் வைத்திருப்பது எங்கள் கரும்பலகையேதான்! ஊர், வர வேண்டிய நாள், வந்த நாள், லாபம், நஷ்டம். பம்பாய்க்கு வரும்போது இரண்டு நாள் லாபம். கல்கத்தாவில் அந்த லாபம் கரைந்து பூஜ்யம். இப்படியே கணக்கு ஓடுகிறது.

அதனால்தான் ‘மரக்கட்டை’ என்று நீங்கள் சொன்னதும் சிரித்துவிட்டேன். அவன் மரக்கட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெர்ன் அவனை வேண்டுமென்றே அப்படிச் செதுக்கியிருக்கிறார். முதல் அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். சவரம் செய்யக் கொண்டுவந்த வெந்நீர் 86 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டியது, 84 இருந்துவிட்டது. அதற்காக வேலைக்காரனுக்குச் சீட்டுக் கிழிகிறது. இதை எழுதுபவர் பிரெஞ்சுக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆங்கிலேயக் கனவானைப் பார்த்து அவர் அடக்கமாகச் சிரிக்கிறார். நம் தாத்தாக்கள் எஸ்டேட் துரைமாரைப் பற்றித் திண்ணையில் சொன்ன கதைகளைக் கேட்டிருப்பீர்களே: துரை இத்தனை மணிக்குத்தான் தேநீர் குடிப்பார், நாய்க்குக்கூடக் கைக்கடிகாரம் கட்டிவிடுவார் என்று. அதே நக்கல்தான் இது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சிரிப்பில் பாதி காணாமல் போகிறது. ஃபாக் நிஜமாகவே பெரிய வீரன் போல நம் முன் விறைப்பாக நிற்கிறான்.

நாவல் பிறந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1869 மே மாதம் அமெரிக்காவின் இரு கரைகளையும் ரயில் பாதை இணைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870இல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ரயில் தொடர்பு முழுமையானது. 1872 நவம்பர், டிசம்பரில் பாரிஸின் ‘ல தாம்’ பத்திரிகையில் இந்தக் கதை தொடராக வந்தது. கதையும் அதே ஆண்டு அக்டோபர் 2 இரவு 8.45க்குத்தான் லண்டனில் தொடங்குகிறது. பத்திரிகை வாங்கியவர்களுக்கு ஃபாக் அந்த நேரத்தில் நிஜமாகவே எங்கோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியிருக்கும். லண்டனிலிருந்து சூயஸ் 7 நாள், பம்பாய் 13, கல்கத்தா 3, ஹாங்காங் 13, யோகோஹாமா 6, சான் பிரான்சிஸ்கோ 22, நியூயார்க் 7, மறுபடி லண்டன் 9. கூட்டினால் 80. இந்த அட்டவணைதான் கதாநாயகன். ஃபாக் அதற்குக் கை கால் முளைத்த உருவம், அவ்வளவுதான். இதே 1872இல் தாமஸ் குக் நிறுவனம் முதல் உலகச் சுற்றுலாக் குழுவை அழைத்துப் போனது. அவர்கள் சாவகாசமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப 222 நாள் ஆனது. ஊர் பார்க்கப் போகிறவனுக்கும் பந்தயத்துக்குப் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அது.

சின்ன விஷயம் ஒன்று, கப்பல் வேலை பார்த்தவன் கண்ணில் படுவது. ஹாங்காங்கில் ஃபாக் தவறவிடும் கப்பலின் பெயர் கர்நாட்டிக். பி அண்ட் ஓ கப்பல் கம்பெனிக்கு அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு கப்பல் இருந்தது. ஆனால் அது 1869 செப்டம்பரிலேயே செங்கடலில் பவளப் பாறையில் மோதி மூழ்கிவிட்டது. மூன்று வருஷம் கழித்து வெர்ன் அதை யோகோஹாமாவுக்கு ஓட்டுகிறார்! எங்கள் கரும்பலகையில் நான் இப்படி ஒரு கப்பலை எழுதியிருந்தால் மேனேஜர் என்னை என்ன செய்திருப்பாரோ.

சரி, ‘ஒன்றையும் பார்க்காமல் வருகிறான்’ என்ற புகார். இதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு, கொஞ்சம் சொந்தக் காரணத்தால். கல்கத்தாவில் ஃபாக் ஏறிய ரங்கூன் என்ற கப்பல் அக்டோபர் 30 அன்று மலாக்கா நீரிணைக்குள் நுழைகிறது. அந்தமான் பக்கமிருந்து நீரிணைக்குள் வரும் கப்பலுக்கு இடது கைப் பக்கம் எந்தத் தீவு? நம் பினாங்குத் தீவுதான். ஒரு வரிகூடக் கிடையாது. சுமத்ராவின் அழகைக் குன்றுத் தீவுகள் மறைத்துவிட்டன என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிகாலை நாலு மணிக்குச் சிங்கப்பூரில் நிலக்கரி நிரப்ப நிறுத்திவிடுகிறார் வெர்ன்.

அதே கடலில், அதே வருஷங்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தமிழ்க் கூலிகள் வந்துகொண்டிருந்தார்கள். உங்கள் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் அவர்கள். அந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. அவர்களிடம் குறிப்பேடு கிடையாது, லாப நஷ்டக் கட்டமும் கிடையாது. என் அம்மா அவர்களுக்கெல்லாம் ரொம்பப் பிந்தி, 1951இல், கல்யாணம் முடிந்து ரஜுலா கப்பலில் டெக் பயணியாக வந்தார். பாயை விரித்த இடம்தான் வீடு. தகர டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த தஞ்சாவூர்க் கிழவிக்கு ஊறுகாய் கொடுத்து, ராத்திரி மழை வந்தால் தார்ப்பாய்க்குள் ஒண்டி வந்த கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் ஆச்சும்மா என்று கேட்டால் பதில் ஒவ்வொரு தடவையும் மாறும். கடல் எப்படி இருந்தது என்பதில் மட்டும் மாற்றமே இருக்காது. ஃபாக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஞாபகம் வருகிறது. அவன் கேபினில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனிடம் நேரத்தின் கணக்கு இருக்கிறது, அம்மாவிடம் கடல் இருந்தது. இந்த நாவலில் இல்லாதது அந்தக் கடல்தான். உங்கள் எரிச்சலுக்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

ஆனாலும் சிங்கப்பூரில் ஒரு இரண்டு பக்கம் வெர்ன் ஜன்னலைத் திறக்கிறார். அவுதாவுக்காக ஃபாக் ஒரு குதிரை வண்டியில் ஊர் சுற்றுகிறான். வேலிக்குப் பதில் மிளகுக் கொடி, காற்றில் ஜாதிக்காய் வாசனை, காட்டில் புலி. இத்தனை சின்னத் தீவில் புலி எப்படி மிஞ்சியது என்றால், அக்கரையிலிருந்து நீந்தி வருகிறது என்கிறார். இது கதை இல்லை. அந்தக் காலத்தில் ஜொகூரிலிருந்து புலிகள் நிஜமாகவே நீந்தி வந்தன. ஜாதிக்காய் விஷயத்தில்தான் அவர் படித்த புத்தகம் பழசு. 1860க்கு முன்பின் நோய் விழுந்து சிங்கப்பூரிலும் நம் பினாங்கிலும் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்துவிட்டன. பிறகு பாலிக் பூலாவ் பக்கம் மறுபடி தலையெடுத்ததால்தான் இன்று நமக்கு ஜாதிக்காய் ஜூஸ் கிடைக்கிறது.

நீங்கள் ஆங்கிலத்தில் படித்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் அந்த அத்தியாயத்தில் ஃபாக்கின் வேலைக்காரன் பாஸ்பார்த்து கப்பல் தளத்தில் ‘மாம்பழம்’ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பான். அந்தப் பழத்தின் வர்ணனையை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஆப்பிள் அளவு, வெளியே கரும்பழுப்பு, உள்ளே பளிச்சென்ற சிவப்பு, வாயில் கரையும் வெள்ளைச் சதை. இது எந்த ஊர் மாம்பழம்? கம்போங்கில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும், மங்குஸ்தான்! வெர்ன் பிரெஞ்சில் சரியாகத்தான் எழுதினார். பரவலாகக் கிடைக்கும் 1873ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைச் செய்த ஜார்ஜ் டவுல் மங்குஸ்தானைக் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. பழத்தின் பெயரை மாற்றிவிட்டு, வர்ணனையை அப்படியே விட்டுவிட்டார். ஒன்றையும் பார்க்காதவன் என்று ஃபாக்கைத் திட்டுகிறோம். ஒரு பழத்தைப் பார்க்காத மொழிபெயர்ப்பாளரை 150 வருஷமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்தியா பகுதிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. உடன்கட்டை காட்சியை எழுதியவர் இந்தியாவில் காலே வைக்காதவர். பம்பாய்ப் பார்சி வியாபாரியின் மகள் எப்படி ஒரு புந்தேல்கண்ட் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதற்கு, கட்டாயக் கல்யாணம் என்று அரை வரியில் ஒரு சமாதானம். பெண்டிங்க் பிரபு உடன்கட்டையைச் சட்டவிரோதமாக்கியது 1829இல்; நாவலிலோ, இந்தியாவின் பெரும் பகுதியில் இது இல்லை, ஆனாலும் அந்த மூலையில் நடக்கிறது என்று ஒரு தளபதி வாயால் சொல்ல வைக்கிறார். காளி ஊர்வலம் முழுக்க ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்து வரைந்ததுபோல் இருக்கிறது. யானைப் பேரம் மட்டும் எனக்குப் பிடிக்கும். கியூனி என்ற யானைக்கு 2,000 பவுன் கொடுக்கும்போது அதை விற்றவனின் முகத்தை நினைத்துச் சிரிக்கலாம்.

ஆனால் செருப்பு விஷயத்தை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். பம்பாய் மலபார் ஹில் கோயிலுக்குள் பாஸ்பார்த்து காலணியோடு நுழைந்து அடி வாங்குகிறான். கல்கத்தாவில் கேஸ். அவனுக்குப் பதினைந்து நாள் சிறை, 300 பவுன் அபராதம். எஜமானுக்கு எட்டு நாள், 150 பவுன். ஆளுக்கு 1,000 பவுன் ஜாமீன் கட்டிவிட்டு இருவரும் கப்பலேறுகிறார்கள். வெர்ன் அவன் செய்ததைத் தப்பு என்றுதான் சொல்கிறார்.

இப்போது நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகைப் பெண், ஃபாக்கைத் தோற்கடிக்கிறேன் பார் என்று 1889 நவம்பரில் கிளம்பினார். வழியில் பிரான்சில் வெர்னையே வீட்டில் போய்ப் பார்த்தார். நீ ஏன் பம்பாய் வழியாகப் போகவில்லை என்று வெர்ன் கேட்க, இளம் விதவையைக் காப்பாற்றுவதைவிட நேரத்தைக் காப்பாற்றத்தான் எனக்கு அவசரம் என்றாராம். 72 நாளில் உலகத்தைச் சுற்றி முடித்தார். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போகும் வழியில் அவர் கப்பல் நின்ற ஊர் எது தெரியுமா? பினாங்கு! ஃபாக் எட்டிப் பார்க்காத ஊரில் இவர் இறங்கி, நீர்வீழ்ச்சி வரை போய்விட்டு, திரும்பும் வழியில் ஒரு இந்துக் கோயிலுக்குள் நுழைந்தார். காலணியைக் கழற்றச் சொல்லிக் குருக்கள்மார் ஓடி வந்தார்கள். தரை அழுக்காக இருக்கிறது, கழற்ற முடியாது என்று மறுத்துவிட்டதைத் தன் புத்தகத்தில் பெருமையாகவே எழுதியிருக்கிறார். எந்தக் கோயில் என்று பெயர் போடவில்லை. தண்ணீர்மலைப் பக்கம் தைப்பூசத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் பூட்ஸ் நினைவுக்கு வரும். கதையில் வரும் வேலைக்காரனுக்காவது அபராதம் விழுந்தது. நிஜத்தில் வந்தவர் அப்படியே கப்பலேறிப் போய்விட்டார்.

அவுதா பொம்மை என்றீர்கள். நான் சண்டைக்கு வருவது இங்கேதான். அவளை வெர்ன் வர்ணிக்கும் விதம் சலிப்பு, ஒப்புக்கொள்கிறேன். பாதிக் கதை முழுக்க அவள் நன்றியோடு பார்த்துக்கொண்டே வருகிறாள். ஆனால் கடைசி மூன்று அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். பந்தயம் தோற்றுவிட்டது என்று ஃபாக் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறான். என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று முதலில் கேட்பது யார்? அவுதா. 1872இல் எழுதிய கதையில் ஒரு பெண் அப்படிக் கேட்கிறாள். அவள் கேட்டதால்தான் ‘நாளை’ திங்கட்கிழமைக் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யப் பாஸ்பார்த்து பாதிரியாரிடம் ஓடுகிறான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று அங்கேதான் தெரிய வருகிறது. அதாவது இன்று சனிக்கிழமை, பந்தயத்தின் கடைசி நாள்! அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஃபாக் அறைக்குள்ளேயே உட்கார்ந்து, ஜெயித்த பந்தயத்தைத் தோற்றிருப்பான். கதையின் கடைசிப் பூட்டைத் திறப்பது அவள் கை.

அப்புறம் அந்த முடிவு. கிழக்கே போகிறவனுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் நாலு நிமிஷம் முன்னால் சூரியன் உதிக்கிறது. 360 டிகிரிக்கு 1,440 நிமிஷம், சரியாக ஒரு நாள். எண்பது சூரிய உதயம் பார்த்தவனுக்கு லண்டனில் 79 நாள்தான் ஆகியிருக்கும். வெர்ன் இதைக் கடைசியில் தொப்பியிலிருந்து எடுக்கவில்லை. துப்பை நம் மூக்குக்கு முன்னாலேயே வைத்திருக்கிறார். பாஸ்பார்த்து தன் கடிகாரத்தை லண்டன் நேரத்திலிருந்து மாற்றவே மாட்டேன் என்கிறான். பசிபிக் நடுவில், நவம்பர் 23 அன்று, கப்பல் கடிகாரமும் அவன் கடிகாரமும் ஒன்பது மணி காட்டுகின்றன. அவனுக்கு ஒரே கொண்டாட்டம். இத்தாலியக் கடிகாரம் போல முகப்பில் 24 மணி இருந்திருந்தால் இவன் கடிகாரம் 21 காட்டியிருக்கும் என்று வெர்ன் அந்த இடத்திலேயே எழுதுகிறார். நாம்தான் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம்.

நம்ப முடியவில்லை என்பதும் நியாயம்தான். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, ஒரு வாரம் ரயிலில் போய், நியூயார்க்கில் கப்பல் தேடியவன் ஒரு பத்திரிகையின் தேதியைக்கூடவா பார்த்திருக்க மாட்டான்? அட்டவணையைத் தின்று ஜீரணித்த ஃபாக்குக்கு அந்தத் தப்பு நேராது. ஆனால் எனக்கு நேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 3ஆம் தேதி இரவு கிளம்பிய சரக்கு 26 நாளில் வரும் என்று டெலெக்ஸ் வந்தது. மூன்றும் இருபத்தாறும் இருபத்தொன்பது என்று கரும்பலகையில் எழுதி, சரக்குக்காரருக்கும் போனில் சொல்லிவிட்டேன். தேதிக்கோடு நடுவில் ஒரு நாளை விழுங்கும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. 29ஆம் தேதி மூன்று லாரிகள் பட்டர்வொர்த்தில் வெயிலில் நின்றன. சரக்கு 30ஆம் தேதி பகல்தான் வந்தது. லாரி வாடகை யார் கணக்கில் போனது என்று நான் சொல்லப் போவதில்லை. அன்றிலிருந்து ஃபாக்கை நான் கேலி செய்வதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு நேரம் என்பது யாரோ மேலே முடிவெடுத்து மாற்றுவது என்று நன்றாகவே தெரியும். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைக்கச் சொன்னதை அப்பா சொல்லுவார். 1982 ஜனவரி 1 பிறந்தபோது நம் அரசாங்கமே அரை மணியை முன்னே தள்ளியது. அன்று இரவு பதினொன்றரைக்கு எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருகியவன் நான்தான். அந்த அரை மணி எங்கே போச்சு என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கிறதே, அதற்குள்ளேதான் எங்கோ இருக்கிறது.

மகனுக்குக் கொடுக்கும் விதம் இதுதான். சுருக்கப் பதிப்பு வேண்டாம். கடிகாரத் துப்புகளைத்தான் அவர்கள் முதலில் வெட்டுவார்கள். ஆங்கிலத்தில் என்றால் வில்லியம் பட்சர் 1995இல் செய்த மொழிபெயர்ப்பு நல்லது, குறிப்புகளும் உண்டு. யானையும் உடன்கட்டையும் வரும் 11 முதல் 13 வரையான அத்தியாயங்களை நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். அவன் கேட்கப் போகும் கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. பலூன் எப்போது வரும் என்று கேட்டால் வராது என்று சொல்லிவிடுங்கள். அது 1956 ஹாலிவுட் படத்தில் ஒட்டியது. சுவரில் ஒரு உலகப் படம், பக்கத்தில் நாலு கட்டம் போட்ட ஒரு தாள். ஃபாக்கின் லாப நஷ்டத்தை அவனே எழுதி வரட்டும்.

ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர் அத்தியாயத்துக்கு மட்டும் நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பழைய மொழிபெயர்ப்பையே முதலில் கொடுங்கள். முடிந்தால் மங்குஸ்தான் சீசனில். ஒரு கிலோ வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்த ‘மாம்பழ’ வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டி ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.